பரிமருத்துவமும் கைமருந்துப் பெட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரின் பொரளைச் சந்தியில் இன்று குளம்பொலி கேட்பது அரிது. 1899 இல் மின்சார ட்ராம் வண்டி பொரளை வரை ஓடத் தொடங்கியதும், அதன் பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகியதும் குதிரை வண்டியைத் தெருவிலிருந்து படிப்படியாக அகற்றிவிட்டன. எனினும் மனிதனுக்கும் குதிரைக்கும் இடையே நிலவிய மருத்துவ உறவை ஆராயப் புகுவோர்க்குப் பொரளை பொருத்தமானதொரு தொடக்கமாகும். பொரளைக்கு மேற்கே, நடந்து செல்லும் தூரத்தில், கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடல் அமைந்துள்ளது. பொரளையிலேயே 1929 இல் சுதேச வைத்தியக் கல்லூரி தோன்றி ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் யுனானியும் கற்பிக்கப்பட்டன. நுண்ணுயிரியல் ஆய்வுக்கென இருபதாம் நூற்றாண்டின் வாயிலில் தோன்றிய நிலையத்தின் வழிவந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் இங்கேயே உள்ளது. ஓடிய குதிரை, அதன் நோய்க்கு மூலிகை தேடிய மரபு, பின்னாளில் அதன் குருதியிலிருந்தே மனிதனுக்கு மருந்து கண்ட விஞ்ஞானம் ஆகிய மூன்றையும் நினைவூட்டும் சின்னங்கள் இச்சிறு நிலப்பரப்பில் அருகருகே நிற்கின்றன.

குதிரைக்கு நோய் கண்டவுடன் அல்லது காயம் பட்டவுடன் செய்யவேண்டிய முதலுதவி, அதற்கென ஆயத்தமாய் வைத்திருக்கவேண்டிய கைமருந்துப் பெட்டி என்பன மேலோட்டமாக நோக்குமிடத்துச் சிறு விடயங்களாகத் தோன்றலாம். ஆயின் தமிழகத்தினதும் ஈழத்தினதும் குதிரை வரலாற்றை ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகும். இந்நாடுகளில் இறந்த குதிரைகள் மருந்தின்மையால் மட்டும் இறக்கவில்லை. மருந்தறிவு ஓரிடத்திலும் குதிரை வேறோரிடத்திலும் இருந்தமையாலும் இறந்தன. அவ்விடைவெளி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு குறுகியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசாணையும் நூலறிவும்

விலங்குகளுக்கு மருத்துவம் செய்வது அரசின் கடமை என்னும் கருத்து இப்பிரதேசத்திற்குப் புதியதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம் மனிதர்க்கான மருத்துவம், விலங்குகளுக்கான மருத்துவம் என இரண்டையும் தனித்தனியே குறிப்பிடுகின்றது. தன் ஆட்சிப் பரப்பில் மட்டுமன்றிச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் தாம்பிரபரணி வரையிலும் அவ்வேற்பாடு செய்யப்பட்டதாக அச்சாசனம் கூறும். மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவை கொணரப்பட்டு நடப்பட்டன என்பதும் அதிற் காணப்படுகின்றது. மருந்து, நோயாளி இருக்கும் இடத்திற்குச் செல்லவேண்டும் என்னும் கொள்கை இங்கே தெளிவாய் வெளிப்படுதல் நோக்கத்தக்கது.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. மைசூரில் 1905 இல் ஏட்டுச் சுவடியாகக் கண்டெடுக்கப்பட்டு 1909 இல் அச்சேறிய அந்நூல், குதிரைகளுக்கெனத் தனி அதிகாரியொருவரை வகுத்து, அவற்றின் மருத்துவரின் கடமைகளையும் விதிக்கின்றது. குதிரை அளவிறந்து மெலிவதையும் பருப்பதையும் மருத்துவர் கவனித்துத் திருத்தவேண்டும். பருவத்துக்கேற்ப உணவை மாற்றவேண்டும். சிகிச்சையின் குறையால் நோய் முற்றினால் சிகிச்சைச் செலவின் இருமடங்கு தண்டம். மருந்தின் பிழையால் விலங்கை இழக்க நேரிட்டால் அதன் விலையே தண்டம். குதிரை அரசின் உடைமை என்பதாலேயே இத்துணைக் கண்டிப்பு ஏற்பட்டது எனினும், மருத்துவனைப் பொறுப்பாளியாக்கிய சட்டம் என்னும் வகையில் இது சிறப்புடையது.

ஈழத்து வரலாற்றிலும் இம்மரபின் சுவடுகள் உள. அநுராதபுரத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும் குதிரைக் கப்பல் வணிகனின் புதல்வர் என்றே மகாவம்சம் அறிமுகஞ் செய்கின்றது. குதிரை இத்தீவுக்குக் கடல்வழியே வந்த பொருள் என்பதற்கு இது பழஞ்சான்றாகும். கி.பி. நான்காம் நூற்றாண்டில் ஆண்டவனும், தானே மருத்துவனாய் விளங்கியவனுமான புத்ததாசன், யானைகளுக்கும் குதிரைகளுக்கும் படைவீரர்க்கும் மருத்துவர்களை நியமித்தான் என்று சூளவம்சம் கூறும். யானைக்கும் குதிரைக்கும் வீரனுக்கும் ஒரே மூச்சில் மருத்துவர் குறிக்கப்படுவது, விலங்கு மருத்துவம் இழிதொழிலாகக் கருதப்படாத ஒரு காலத்தைக் காட்டுகின்றது.

நூன்மரபும் வளமானதே. சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் பரிமருத்துவ நூல்களும், பாண்டவருள் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரமும் குதிரையின் இலக்கணம், வயது, உணவு, நோய், மருந்து என்பவற்றை விரித்துரைக்கின்றன. ஆகவே, அறிவு இல்லை என்று கூறுதற்கில்லை. அது யார் கையில் இருந்தது என்பதே வினாவாகும்.

காயலில் இறங்கிய குதிரைகள்

சங்க காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்தமையைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் எழுச்சியுற்றபோது இவ்வணிகம் உச்சம் எய்தியது. பாரசீக வரலாற்றாசிரியரான வஸ்ஸாபின் கூற்றுப்படி, வளைகுடாவின் கீஸ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1400 குதிரைகளைப் பாண்டி நாட்டில் இறக்குவதற்கு உடன்படிக்கை இருந்தது. குதிரையொன்றின் விலை 220 பொற்காசு. வழியில் இறந்துபோன குதிரைக்கும் அரச பண்டாரத்திலிருந்து விலை கொடுக்கப்பட்டது. இறக்குமதியின் முதன்மையான துறைகளுள் ஒன்று தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலாகும்.

இதே காலத்தில் பாண்டி நாட்டைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவின் குறிப்பு பரிமருத்துவ வரலாற்றில் மிக முக்கியமானது. மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவான். அவனுடைய உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குவர். ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுகூட எஞ்சா. குதிரையைப் பேணும் முறையை அந்நாட்டார் அறியாமையே இதற்குக் காரணம் என்பது அவர் கூற்று. சோற்றுடன் வேகவைத்த இறைச்சியைக் குதிரைக்கு ஊட்டினர் என்றும் அவர் எழுதுகின்றார். இவை யாவற்றினும் மேலாக அவர் கூறும் செய்தி ஒன்றுண்டு. குதிரை கொணரும் வணிகர், லாடம் அடித்து மருந்தும் செய்யும் வல்லுநரைத் தம்முடன் அழைத்து வருவதில்லை. அவர்கள் அங்கு செல்வதற்கும் விடுவதில்லை. குதிரைகள் இறக்க இறக்க மீண்டும் விற்கலாம் என்பதே அவர்தம் எண்ணம்.

அயல்நாட்டுப் பயணியொருவரின் கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் பொருந்தாது. வெப்பமான ஈரக் காற்றும், பழகாத தீவனமும், ஈக்களால் பரவும் நோய்களும் மேலைக் குதிரைகளை வாட்டியிருக்கும் என்பதில் ஐயமில்லை. குதிரைகளை மெலிவித்துக் கொல்லும் ‘சுர்ரா’ நோய்க்குரிய குருதி ஒட்டுண்ணியை கிரிபித் எவன்ஸ் இந்தியாவிற் கண்டறிந்தது 1880 இலேயே. அதற்கு முன் எந்த நாட்டு லாடக்காரரும் அதன் காரணத்தை அறிந்திருக்க முடியாது. அவ்வாறாயினும் மார்க்கோ போலோ சுட்டும் வணிகத் தந்திரம் பொருளியல் நோக்கிற் புரிந்துகொள்ளக் கூடியதே. இறந்த குதிரைக்கும் விலை கிடைக்கும் ஓர் ஒப்பந்தத்தில், குதிரையை உயிரோடு காக்க விற்பவனுக்கு எந்த ஊக்கமும் இல்லை. அறிவைப் பகிராதிருத்தலே அங்கு இலாபமாயிற்று.

விசயநகர காலத்திலும் இந்நிலை தொடர்ந்தது. சாளுவ நரசிம்மன் கடலில் இறந்த குதிரைக்கும் விலை கொடுத்தான் என்றும், அதற்குச் சான்றாக அதன் வாலைக் காட்டினாற் போதும் என்றும் போர்த்துக்கேயரான நூனிஸ் எழுதியுள்ளார். உயிருள்ள விலங்குக்கும் அறுத்தெடுத்த வாலுக்கும் ஒரே விலை என்பதைவிட, பேணுதலின் மதிப்பு எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பாண்டியனின் பொன்னோடு குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதையில், வந்த குதிரைகள் இரவிலே நரிகளாகி ஓடுகின்றன. சமயத் தத்துவம் பொதிந்த அக்கதையின் அடியில், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரை மறுநாட் காலையில் கொட்டிலில் இல்லாதுபோன அரசரின் அனுபவமும் படிந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

ஏடும் கொட்டிலும்

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி (1798–1832) மருத்துவத்திலும் விலங்கியலிலும் பேரார்வங் கொண்டவர். அவர் பெருக்கிய சரசுவதி மகால் நூலகத்திற் பேணப்பட்ட, நகுலன் பெயரிலான அசுவ சாஸ்திரம் வண்ண ஓவியங்களுடன் 1952 இல் அச்சாயிற்று. இது நம் பெருமைக்குரியதே. எனினும் அந்நூல் வடமொழியில் அமைந்தது. அதன் ஓவிய ஏடுகள் அரச மாளிகையில் இருந்தன. குதிரையின் அருகில் இரவும் பகலும் நின்றவரோ எழுத்தறியாக் குதிரைக்காரர். அவருடைய அறிவு வேறு வகைப்பட்டது. மஞ்சள், வேப்பிலை, பெருங்காயம், விளக்கெண்ணெய், உப்பு, சூட்டுக்கோல் ஆகியனவே அவர் ஆயுதங்கள். மஞ்சளும் வேம்பும் உப்பு நீரும் புண்ணைத் தூய்மையாக்க ஓரளவு உதவின. சூட்டுக்கோலோ பெரும்பாலும் துன்பத்தையே கூட்டிற்று.

வயிற்று வலிக்கு மூங்கிற் குழாயால் எண்ணெய் புகட்டும் வழக்கமும் ஆபத்தானது. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வலியால் துடிக்கும் குதிரையின் வாயில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுட் சென்றால் அதுவே உயிரைப் போக்கும். ஆக, ஏட்டறிவு கொட்டிலை எட்டவில்லை. கொட்டிலறிவு சோதனைக்கு உட்படவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே எத்தனையோ குதிரைகள் மாண்டன.

நெடுந்தீவும் கொழும்பும்

ஈழத்தில் ஐரோப்பியர் ஆட்சி குதிரையைப் புதிய நோக்கங்களுக்குப் பயன்படுத்தியது. நெடுந்தீவிற் போர்த்துக்கேயர் காலத்தில் விடப்பட்ட குதிரைகளை ஒல்லாந்தர் பெருக்கி வளர்த்தனர். ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் நோலன் என்னும் அதிகாரி அவற்றைப் பராமரித்தார். அங்கு எஞ்சிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் கட்டாக்காலிகளாய்த் திரிகின்றன. பராமரிப்பாளன் நீங்கியபின்பும் விலங்கு நிலைத்துவிட்ட விந்தையை அங்கு காணலாம். ஆனால் வரட்சிக் காலங்களில் நீரின்றி அவை மடிவதும் உண்டு.

கொழும்பிற் குதிரை, வண்டிக்கும் பந்தயத்துக்கும் உரியதாயிற்று. காலிமுகத்திடலில் நடந்துவந்த பந்தயம் 1893 இற் கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. துரைமாரின் வண்டிகளுக்கு அருகே ஓடியும், கொட்டிலிற் படுத்துறங்கியும் குதிரைகளைப் பேணிய குதிரைக்காரருட் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழராவர். பந்தயத்தில் வென்ற குதிரைகளின் பெயர்களும் உரிமையாளர் பெயர்களும் ஏடுகளிற் பொறிக்கப்பட்டன. அவற்றின் காலைக் கழுவிக் கட்டுப்போட்டவர் பெயர் பொறிக்கப்படவில்லை. முதலுதவி என்பது அவர்கள் கையாலேயே நடந்தது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

முதலுதவியை முறைப்படுத்தியது போரே என்பது கசப்பான உண்மை. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடந்த போவர் யுத்தத்திற் பிரித்தானியப் படை மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட குதிரைகளை இழந்தது. இலங்கையிலிருந்தும் 1900 இல் குதிரையேறிய காலாட்படைக் குழுவொன்று அப்போருக்குச் சென்றது. அக்குதிரைகளுட் பெரும்பாலானவை குண்டடிபட்டு இறக்கவில்லை. களைப்பாலும் பட்டினியாலும் நோயாலும் இறந்தன. கால்நடை மருத்துவர் தொகையோ மிகக் குறைவு. அப்படிப்பினையின் விளைவாக 1903 இல் இராணுவக் கால்நடை மருத்துவப் படை உருவாயிற்று. முதலாம் உலகப் போரிற் படைப்பிரிவுகளுக்கு மருந்துப் பெட்டிகளும், லாடக்காரருக்குக் கருவிகளும் மருந்தும் அடங்கிய பைகளும் வழங்கப்பட்டன. 1912 இற் பால்கன் போரின்போது தோன்றிய நீலச் சிலுவை நிதியம் மருந்தும் கட்டுத்துணியும் திரட்டி அனுப்பியது. காயம்பட்ட விலங்கை முதலிற் காண்பவன் மருத்துவன் அல்லன், வண்டியோட்டியே என்பதைப் போர் உணர்த்தியது. மருந்து மீண்டும் குதிரை நின்ற இடத்திற்கு வந்தது.

இதற்கு இணையாகக் கல்வியும் விரிவடைந்தது. 1903 இற் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் 1940களின் பிற்பகுதியில் கால்நடை மருத்துவக் கல்வி தொடங்கிப் பின்னர் பேராதனையில் நிலைபெற்றது.

பெட்டியினுள்ளே

இன்று கால்நடை மருத்துவர் பரிந்துரைக்கும் கைமருந்துப் பெட்டி எளிமையானது. தூய பஞ்சும் வலைத்துணியும், பல அகலங்களிற் கட்டுத்துணிகள், ஒட்டுநாடா, மழுங்கிய முனையுடைய கத்தரிக்கோல், சாமணம், வெப்பமானி, குளம்பு சுரண்டி, கைவிளக்கு, அயடீன் சேர்ந்த கிருமிநீக்கி, தூய வாளி, மேலதிகத் தலைக்கயிறு ஆகியன அதில் இடம்பெறும். கொதிக்கவைத்து ஆறிய நீர் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு இட்டாற் புண் கழுவும் நீர் ஆயத்தமாகும். கொழும்பு போன்ற ஈரவெப்ப நகரிற் பெட்டி உலர்ந்த நிழலில், எறும்பும் ஈரமும் புகாவண்ணம் இருத்தல் வேண்டும்; காலாவதியான மருந்தைக் குறித்த நாளில் மாற்றுதலும் அவசியம்.

பெட்டியின் மிக விலையுயர்ந்த பொருள் ஒரு தாளாகும். அதில் அக்குதிரை நலமாயிருக்கும்போது எடுத்த அளவுகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். வளர்ந்த குதிரையின் உடல்வெப்பம் ஏறத்தாழ 37.5 முதல் 38.5 பாகை செல்சியசு. தாடையின் அடியிலுள்ள நாடியிற் கணக்கிடும் துடிப்பு நிமிடத்திற்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. நலத்தின் அளவை அறியாதவனுக்கு நோயின் அளவு புலப்படாது. மருத்துவரின் தொலைபேசி இலக்கமும் அத்தாளிலேயே இருத்தல் நன்று.

பயன்படுத்தும் முறையில் சில விதிகள் முதன்மையானவை. குருதி பெருகினால் தடித்த துணியைப் புண்மீது அழுத்திப் பிடிக்க வேண்டும். நனைந்தாலும் அதை எடுக்காமல் மேலும் ஒரு துணியை வைத்து அழுத்த வேண்டும். குளம்பின் அடியில் ஆணி தைத்திருந்தால், இயலுமாயின் மருத்துவர் வரும்வரை அதை அசைக்காது விட்டு, அது மேலும் உட்செல்லாதவாறு சுற்றிலும் தடிப்பாகக் கட்டவேண்டும். எத்திசையில் எவ்வளவு ஆழம் சென்றது என்பதை அறிய அவ்வாணியே வழிகாட்டி. வயிற்று வலியில் உருளும் குதிரைக்குத் தீவனத்தை நிறுத்தி உடனே மருத்துவரை அழைக்கவேண்டும். வலிநீக்கியைத் தாமாகக் கொடுத்தால் நோயின் குறிகள் மறைந்துவிடும். வெப்பத்தால் சோர்ந்த குதிரையின் உடலெங்கும் குளிர்நீரை இடைவிடாது ஊற்றி நிழலில் நிறுத்த வேண்டும். சூடான தசைக்குக் குளிர்நீர் ஆகாது என்ற பழைய அச்சம் தவறானது. 1996 இல் அற்லாண்டா ஒலிம்பிக் விளையாட்டுக்கு முன்னர் நடத்தப்பட்ட ஆய்வுகள் அதனை ஐயமற நிறுவின.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு வடமொழி நூலறிவோ விலையுயர்ந்த மருந்தோ வேண்டியதில்லை. வேண்டியவை தூய கை, நிதானம், எதைச் செய்யலாகாது என்னும் தெளிவு ஆகியனவே.

குதிரை திருப்பித் தந்தது

வீட்டு விலங்குகளுள் ஏற்புவலி நோய்க்கு மிக எளிதில் இரையாவது குதிரை. சிறு ஆணிக் காயமும் அதற்கு யமனாகலாம். ஆகையால் தடுப்பூசியே முதலுதவிக்கும் முந்திய உதவியாகும். 1890 இல் பேரிங், கிட்டசாட்டோ என்னும் இருவரும் நோயெதிர்ப்பு ஊட்டப்பட்ட விலங்கின் குருதி நீரால் ஏற்புவலியின் நஞ்சை முறிக்கலாம் என நிறுவினர். அதன்பின் அம்மருந்தைப் பெருமளவில் ஆக்குவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட விலங்கு குதிரையே. எந்நோய் அதனை எளிதிற் கொன்றதோ அந்நோய்க்கே அதன் குருதி மனிதனுக்கு மருந்தாயிற்று. 1899 இற் சென்னைக் கிண்டியில் எழுந்த கிங் நிலையமும் குதிரைகளைப் பேணி இத்தகைய மருந்துகளை ஆக்கியது.

இலங்கையின் வயல்களிற் பாம்பு தீண்டிய உழவருக்கு மருத்துவமனையில் ஏற்றப்படும் விடமுறி மருந்து நெடுங்காலமாக இந்தியாவிலிருந்தே வருகின்றது; அதுவும் குதிரையின் குருதியிலிருந்து பெறப்படுவதே. புத்ததாசன் தன் குதிரையின் குருதியைக் கொண்டு பிக்கு ஒருவரின் வயிற்றுப் புழுக்களை அகற்றினான் எனச் சூளவம்சம் கூறும் கதை, விஞ்ஞானத்தோடு தொடர்பற்றதாயினும், இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே. குதிரைமேல் ஒருபோதும் ஏறாத, குதிரையைக் கண்ணாற் கண்டிராத எளிய மனிதர் பலர் இன்று அதற்கு உயிர்க்கடன் பட்டுள்ளனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பரிமருத்துவ வரலாறு மருந்துகளின் வரலாறு மட்டுமன்று, அறிவு எவ்விடத்தில் நின்றது என்பதன் வரலாறுமாகும் என்பது புலப்படும். அசோகன் மூலிகையை நோயுற்ற இடத்தில் நடச் சொன்னான். காயலின் வணிகர் மருந்தறிந்தவரைக் கரையிறங்க விடவில்லை. அரசவைகள் அறிவை ஏட்டிற் காத்தன, கொட்டிலிற் பரப்பவில்லை. போரின் பேரிழப்பே பெட்டியை வண்டியோட்டியின் கையிற் கொடுத்தது.

கறுவாத்தோட்டத்துப் பந்தயங்கள் 1956 உடன் நின்றுபோயின. எனினும் நுவரெலியாவிற் பந்தயக் குதிரைகளும், பொலிசாரின் குதிரைப் பிரிவும், நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளும் இன்னும் நம்மிடையே உள. அவற்றின் அருகில் நிற்போர் தமிழோ சிங்களமோ பேசும் எளிய தொழிலாளரும் கிராமத்தவருமாவர். அவர்கள் படித்தறியக்கூடிய மொழியில், மூடியைத் திறந்ததும் கண்ணிற் படும் வண்ணம் ஒட்டப்பட்ட ஒரு தாளுடன் கூடிய பெட்டி அவர்கள் கையிற் சேரும்வரை, காயல் துறையில் தொடங்கிய குறை முற்றாகத் தீர்ந்துவிட்டது எனக் கூறுதற்கில்லை. அத்தாளை எழுதுவது கால்நடை மருத்துவம் பயில்வோரும் மொழி பயில்வோரும் இணைந்து ஆற்றக்கூடிய, ஆற்றவேண்டிய பணியாகும்.